பின்மரத்துக்கு ஜாமீன்

பலாமரம் காய்ப்பதும் காய்க்காமல் இருப்பதும் இனிமேல் மரத்தின் விருப்பம் அல்ல, தன்னுடைய முடிவு என்று தரணிதரன் பேளுக்குறிச்சி பஸ் ஸ்டாப்பில் நின்று அறிவித்தான். அன்று சந்தை நாள். அறிவிப்பைக் கேட்டவர்கள் அவனோடு எம்.ஃபில். படிக்கும் சந்தோஷ்குமார், புளிமூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், கூடைக்குள் கால் கட்டப்பட்டிருந்த ஒரு சேவல். இவர்களில் சேவல் மட்டும்தான் மறுத்துப் பேசியது.

"எல்லாம் ஹார்மோன்டா," என்றான் தரணிதரன். "மரத்துக்குள்ள ஆக்சின், ஜிப்ரலின்னு நாலஞ்சு பேரு உக்காந்து ஆபீஸ் நடத்தறாங்க. காய்க்கிற மரத்துல யாரு வேலைக்கு வாராங்க, காய்க்காத மரத்துல யாரு லீவுல இருக்காங்க, அதத்தான் நான் தனித்தனியாப் பிரிச்சு ஒலகத்துக்குக் காட்டப் போறேன். ரெண்டாயிரத்துக்கு அப்பறம் கொல்லிமலைல மலட்டுப் பலான்னு ஒண்ணு இருக்காது."

"இப்பவே ரெண்டாயிரந்தான்டா."

"அதான் சொல்றேன். லேட் ஆகாது."

புளிமூட்டைப் பெரியவர் எழுந்து வேறு மூட்டைக்கு மாறி உட்கார்ந்தார்.

இந்த அறிவிப்புக்குக் காரணமான மரம் கொல்லிமலைமேல், தேவனூர் நாடு என்ற ஊர்த்தொகுதியில், சந்தோஷ்குமாரின் தாய்மாமன் மாணிக்கத்தின் வீட்டுக்குப் பின்னால் நின்றது. அந்த வீட்டுக்கு முன்பக்கம் ஒரு பலா, பின்பக்கம் ஒரு பலா. இரண்டும் ஒரே பழத்தின் கொட்டைகள், ஒரே நாளில் ஊன்றியவை. முன்மரம் அடித்தண்டிலிருந்தே காய்த்துத் தள்ளும். வைகாசியில் பார்த்தால் தாய்ப்பன்றியைக் குட்டிகள் மொய்த்தது போலக் காய்கள் மொய்த்துக்கொண்டிருக்கும். பின்மரம் வளர்ந்தது, தழைத்தது, நல்ல நிழல் கொடுத்தது. காய்க்கலாம் என்று மட்டும் அதற்குத் தோன்றவே இல்லை. ஆராய்ச்சிக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி கல்யாணத் தரகரிடம்கூடக் கிடைக்காது என்று தரணிதரனின் வழிகாட்டியான நாகலட்சுமி மேடமே சொல்லிவிட்டார். ஆடி முடிவதற்குள் ஆய்வேடு மேசைக்கு வர வேண்டும் என்றும் சொன்னார். அதைத் தரணிதரன் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தப் பக்கத்தில் காய்க்காத பலாவைச் சும்மா வெட்டிவிட மாட்டார்கள். அதற்கு ஒரு முறை உண்டு. ஆடி மாதம் வீட்டுக்காரர் கோடாலியோடு மரத்தடியில் போய் நின்று, "காய்க்கிறயா, வெட்டட்டா" என்று மூன்று தடவை கேட்பார். மூன்றாவது கேள்வி முடிவதற்குள் யாராவது ஒருவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து, மரத்தின்மேல் கை வைத்து, "உட்டுருங்க, காய்க்கும், நான் ஜாமீன்" என்று சொன்னால் மரம் பிழைத்தது. மூன்று வருடம் தவணை. அந்த வீட்டு ஆளோ சொந்தக்காரரோ ஜாமீன் நின்றால் செல்லாது. தவணைக் காலத்தில் அந்த மரத்தில் ஒருவரும் கை வைக்கக் கூடாது. ஆட்டுக்குக்கூட ஒரு தழை ஒடிக்கக் கூடாது. ஜாமீன் நின்றவரோ, மரம் காய்க்கும்வரை, இல்லாவிட்டால் தவணை முடியும்வரை, எந்த மரத்துப் பலாச்சுளையையும் வாயில் வைக்கக் கூடாது. பின்மரத்துக்கு ஜாமீன் நின்றிருந்தவர் பக்கத்துக் காட்டுக்காரர் குழந்தைசாமி. பலா மணக்கும் மலையில் மூன்று பலாப் பருவங்களை அவர் மூச்சை அடக்கிக்கொண்டே கடந்திருந்தார்.

இந்தக் கதையை ஹாஸ்டலில் சந்தோஷ்குமார் சொன்னபோது தரணிதரன் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்து சிரித்தான். அவன் பலா தின்னும் ஆள். ஒரு பழம் முடிவதற்குள் அடுத்ததைப் பிளக்க எண்ணெய் தேடுகிறவன். சுளைக்கும் சொன்ன சொல்லுக்கும் என்னடா சம்பந்தம் என்று கேட்டான். துறை ஆண்டு விழாவில் அதையே தனி ஆளாக நடித்தும் காட்டினான். கோடாலிக்காரன், மரம், ஜாமீன்காரர், தழைக்கு ஏங்கி மரத்தடியில் நிற்கும் ஆடு, எல்லாம் அவனே. தலையில் துண்டு போட்ட ஜாமீன்காரர், யாரோ சுளையை நீட்ட, தாடையைப் பிடித்துக்கொண்டு "வேண்டாங்க, பல்லுவலிங்க" என்று ஓடும் இடத்தில் அரங்கம் கைதட்டி ஓயவில்லை. ஆனால் பரிசு ஆட்டுக்குத்தான் என்று சந்தோஷ்குமார் சொல்வான்.

மாணிக்கத்தின் வீட்டுக்கு முதல் தடவை போனபோதே பிரச்சினை தெரிந்தது. ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் குழந்தைசாமியின் ஜாமீன் முடிகிறது. அன்றைக்கே மரத்தை வெட்டுவதென்று மாணிக்கம் அறுப்பு ஆட்களிடம் சொல்லிவைத்திருந்தார்.

"மக பேளுக்குறிச்சில ஊடு கட்டறா தம்பி. வாசக்காலுக்கும் கதவுக்கும் மரம் வேணும். இது சும்மாதான நிக்குது," என்றார்.

"கதவு வாங்க வக்கில்லாத மாப்பிள்ளைக்கு ஊடு எதுக்குங்கறேன்," என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. அது அவர் மனைவி அத்தாயி. "ஒரு தட்டியக் கட்டிக்கிட்டு இருக்கச் சொல்லுங்க."

"உன்ற மகளுக்குத்தான் கதவு."

"எம்மக கதவத் திங்கப் போறாளா? மரத்து மேல கை வெச்சீங்கன்னா நான் எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிருவேன்."

"போகமாட்டா தம்பி," என்றார் மாணிக்கம் வருத்தத்தோடு. "வருசாவருசம் சொல்றா."

தரணிதரனின் கால் ஆட ஆரம்பித்தது. அவனுக்கு யோசனை வந்தாலும் பயம் வந்தாலும் கால்தான் முதலில் ஆடும். மரம் போய்விட்டால் அவனுடைய ஆய்வேட்டில் பாதி பேளுக்குறிச்சியில் கதவாக நிற்கும். சாவி போட்டுப் பூட்டிக்கொள்ளலாமே தவிர, அதிலிருந்து ஹார்மோன் எடுக்க முடியாது.

"ஏனுங்க, அந்த மரத்துல ஒரு கொறையும் இல்லைன்னு நான் நிரூபிச்சுட்டா, வெட்டாம உடுவீங்களா?"

"கொறையில்லைன்னா அது ஏன் காய்க்கல?"

"அது ரெண்டாங்கட்ட ஆராய்ச்சிங்க."

மாணிக்கம் அவனை மேலும் கீழும் பார்த்தார். "வாயில சொன்னா நம்பமாட்டேன். என்ற கண்ணுக்குத் தெரியோணும். காட்டு, உட்டர்றேன்."

அப்படித்தான் ஒரு பலாமரத்தின் உயிர், கால் ஆட்டும் ஓர் இளைஞனின் கைக்கு வந்தது.

முன்மரத்தில் அவனே ஏறினான். கொழுந்து இருந்த உயரத்துக்கு இரண்டு கிளை கீழேயே முசுறு எறும்புகள் அவனுடைய ஆராய்ச்சிக்கு மறுப்புத் தெரிவித்தன. கீழே இறங்கியது விழுந்ததா குதித்ததா என்பதில் அவனுக்கும் சந்தோஷ்குமாருக்கும் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. விஞ்ஞானி மரம் ஏறுவது உலகத்தில் எங்குமே வழக்கமில்லை என்று முதுகைச் சொறிந்துகொண்டே அவன் விளக்கினான். பிறகு அத்தாயியிடம் இரண்டு பைகளைக் கொடுத்தான். சிவப்பு நூல் கட்டியது முன்மரத்துக் கொழுந்துக்கு, வெள்ளை நூல் கட்டியது பின்மரத்துக் கொழுந்துக்கு. விடிந்ததும் துறட்டியால் ஒடித்துப் போட்டுவைக்க வேண்டும்.

அத்தாயி பைகளைப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குப் பின்னால் ஒரு தடவை பார்த்தாள்.

"ரெண்டுலயுமா கண்ணு?"

"ரெண்டுலயுந்தானுங்க. அதான முக்கியம்."

"செரி சாமி," என்றாள்.

முதலில் கொழுந்துகளை ஐஸ் பெட்டியில் வைத்துக் கீழே காலேஜுக்குக் கொண்டுபோனார்கள். மலை ரோட்டின் கொண்டை ஊசி வளைவுகளை எல்லாம் பஸ் சுற்றி முடிப்பதற்குள் ஐஸ் தண்ணீராகி, கொழுந்து கசாயமாகியிருக்கும். சாறெடுத்து, அதைப் பிரித்துக் காட்டும் கண்ணாடித் தட்டில் ஏற்றினால் வெற்றிலை எச்சில் துப்பிய சுவர் போல ஒரே தீற்றல்தான் வந்தது. மறுபடியும் போனார்கள், மறுபடியும் துப்பியது. ஆனி போய் ஆடி வந்தது. தரணிதரனுக்குச் சோறு இறங்கவில்லை, உட்கார முடியவில்லை. மெஸ்ஸில் தட்டோடு நடந்துகொண்டே தின்றான். ஆடி பிறந்த வாரம் ஒரு முடிவெடுத்தான். மரம் மலையிறங்காது, ஆகவே ஆய்வுக்கூடம் மலையேறும்.

மாணிக்கம் மிளகு மூட்டை வைக்கும் அறை ஆய்வுக்கூடமானது. வெளிச்சம் பட்டால் ஹார்மோன் கெட்டுவிடும் என்று சன்னலுக்குச் சாக்குத் தொங்கவிட்டான். டீக்கடையிலிருந்து கடலைமிட்டாய் ஜாடி ஒன்று மூடியோடு வந்தது. அதன் அடியில் விரற்கடை உயரத்துக்கு ஆல்கஹாலும் அம்மோனியாவும் தண்ணீரும் கலந்து ஊற்றினான். வெள்ளை மாவு போலச் சிலிகா பூசிய கண்ணாடித் தட்டின் கீழ்விளிம்பில் மூன்று பொட்டு வைத்தான். இடதில் முன்மரத்துச் சாறு, நடுவில் பின்மரத்துச் சாறு, வலதில் கடையில் வாங்கிய சுத்தமான ஆக்சின். தட்டை ஜாடிக்குள் நிறுத்தினால் கலவை தட்டில் மெல்ல ஊறி மேலே ஏறும்.

"ஏறி?" என்றாள் அத்தாயி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

"ஏனுங்கம்மா, சந்தை பஸ்ஸுன்னு வெச்சுக்குங்க. இந்தக் கலவைதான் பஸ்ஸு. சாறுல இருக்கிற சாமானெல்லாம் பாசஞ்சர். எல்லாரும் ஒண்ணா ஏறுவாங்க. ஆனா அவங்கவங்க ஸ்டாப்புல எறங்கிக்குவாங்க. ஆக்சினுக்கு ஒரு ஸ்டாப்பு. கடையில வாங்குன ஆக்சின் எங்க எறங்குதோ, அதே நேர்ல மரத்துச் சாறும் எறங்குச்சுன்னா, அந்த மரத்துல ஆக்சின் இருக்குன்னு அர்த்தம். மருந்து தெளிச்சா அந்த எடம் ரோஸ் கலராயிரும்."

"டிக்கெட் எடுக்காதவன்?"

"அவந்தானுங்க தீற்றல்."

அத்தாயிக்கு இது திருப்தியாக இருந்தது. அம்மோனியாவின் நெடிதான் பிடிக்கவில்லை. ஆடுகள் அந்த அறைப் பக்கம் போவதை நிறுத்தின. எலிக்கு வைத்த மருந்தா என்று மாணிக்கம் கேட்டார்.

பஸ் மிக மெதுவாகத்தான் ஏறியது. அதை அவசரப்படுத்த முடியாது. ஜாடியைத் திறக்கக் கூடாது. திறந்தால் உள்ளே நிறைந்திருக்கும் ஆவி வெளியேறி, கலவை கோணலாக ஏறும். இதைத் தரணிதரன் சந்தோஷ்குமாருக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தான். எடுத்து முடித்துவிட்டு, எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று ஜாடியைத் திறந்து பார்த்தான். முதல் தட்டு அப்படித்தான் போனது. இரண்டாவது தட்டை வைத்துவிட்டு அறைக்குள் நடந்தவன் மிளகு மூட்டை தடுக்கி ஜாடிமேலேயே சாய்ந்தான்.

"நீ வெளிய இருடா, நான் பாத்துக்கறேன்," என்றான் சந்தோஷ்குமார்.

"உனக்கு என்னடா தெரியும்?"

"சும்மா இருக்கத் தெரியும்."

ஆடிப் பதினெட்டு வந்தது. ஊரே மலைத் திருவிழாவுக்குப் போய்விட்டது. தரணிதரன் போகவில்லை. முன்மரத்துக்கும் பின்மரத்துக்கும் நடந்தான். பின்மரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தான். மரம் இலைகளை அசைத்துக்கொண்டிருந்தது. அதற்கு எந்த அவசரமும் இருப்பதாகத் தெரியவில்லை. "கொஞ்சமாச்சும் பயம் இருக்கா உனக்கு," என்று கேட்டுவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

மறுநாள் காலை அத்தாயி புதிதாக ஒடித்து வைத்த இரண்டு பைகளையும் எடுத்துச் சாறாக்கினான். கடைசித் தட்டு. சிலிகா பூசியது வேறு மிச்சமில்லை. பொட்டு வைக்கும்போது கால் ஆடக் கூடாதென்று சந்தோஷ்குமார் அவன் தொடைமேலேயே உட்கார்ந்துகொண்டான். தட்டு ஜாடிக்குள் போனது. மூடி விழுந்தது.

வெளியே அறுப்பு ஆட்கள் வந்துவிட்டார்கள். பால் ஊற்றாத வரட்டீ குடிக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மாணிக்கம் கோடாலியைக் கல்லில் தீட்டும் சத்தம் தொடங்கியது. சரக், சரக். சாக்குத் திரைக்கு இந்தப் பக்கம் கலவை நூலிழை நூலிழையாக ஏறியது. அந்தப் பக்கம் கோடாலி தீட்டப்பட்டது. இரண்டில் எது முதலில் முடியும் என்று தரணிதரன் கணக்குப் போட்டான். போடப் போட ஒவ்வொரு தடவையும் கோடாலியே ஜெயித்தது. எழுந்தான். உட்கார்ந்தான். ஒரு மிளகை எடுத்துக் கடித்தான், கண்ணில் தண்ணீர் வந்தது, இன்னொன்றைக் கடித்தான்.

"மாமாகிட்டப் போயி கொஞ்சம் பேச்சுக் குடுடா," என்றான்.

"என்ன பேசறது?"

"கோடாலி மொக்கையா இருக்குன்னு சொல்லு. இன்னும் கொஞ்ச நேரம் தீட்டுவாரு."

சந்தோஷ்குமார் போய் அப்படியே சொன்னான். அவர் இன்னும் கொஞ்ச நேரம் தீட்டினார்.

கலவை குறித்த கோட்டைத் தொட்டது. தட்டை எடுத்து உலர்த்தி, மருந்து தெளித்து, தட்டில் மூச்சுப் படாமல் காத்திருந்தான். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு வலது ஓரத்தில், வெட்கப்பட்டது போல, ஒரு ரோஸ் புள்ளி. அதே நேர்க்கோட்டில் இடதில் ஒன்று. அதே நேர்க்கோட்டில் நடுவில் ஒன்று. தீற்றல் இல்லை. இடதும் நடுவும் அளவிலும் நிறத்திலும் இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தன. பார்க்கப் பார்க்கத் தரணிதரனின் கால் நின்றது. பல வாரங்களுக்குப் பிறகு முதல் தடவையாக நின்றது.

தட்டைப் பூசைத் தாம்பாளம் போல ஏந்திக்கொண்டு வெளியே வந்தான். மாணிக்கம் கோடாலியோடு பின்மரத்தடியில் நின்றிருந்தார். அறுப்பு ஆட்கள் வடத்தைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். சற்றுத் தள்ளி, ஒரு சாக்குப்பையை மடியில் வைத்தபடி குழந்தைசாமி உட்கார்ந்திருந்தார். சாக்குக்குள் முழுப் பழம் ஒன்று இருப்பது மூக்குக்கே தெரிந்தது; ஜாமீன் முடிகிற நிமிடத்துக்காக அவர் அதைக் கொண்டுவந்திருந்தார்.

"ஏனுங்க, கேளுங்க," என்று தரணிதரன் தொடங்கினான். ஆண்டு விழா மேடையின் குரல் தானாக வந்தது. "இந்தப் பொட்டு கடைச் சரக்கு. இது முன்மரம். இது பின்மரம். ரெண்டும் ஒரே ஸ்டாப்புல எறங்கியிருக்குது. உங்க பின்மரத்துல ஒரு கொறையும் இல்லீங்க. முன்மரத்துல என்ன இருக்குதோ அது அத்தனையும் இதுலயும் இருக்குது. மரம் மேல குத்தம் சொல்ல இனி ஒருத்தருக்கும் வாய் கெடையாது."

மாணிக்கம் குனிந்து பார்த்தார். கோடாலியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு இன்னும் குனிந்து பார்த்தார். அறுப்பு ஆட்களும் வந்து பார்த்தார்கள். ரோஸ் புள்ளிகளை மறுக்க யாராலும் முடியவில்லை. மாணிக்கத்தின் முகம் தளர்ந்தது. கதவு போச்சு என்பது அந்த முகத்தில் எழுதியிருந்தது. பிறகு அவர் நிமிர்ந்தார். புருவம் சுருங்கியது.

"அதுசெரி. பின்மரத்துச் சாறு ஏது?"

"கொழுந்துலதானுங்க."

"உதுந்த எலையில பாக்கறீங்கன்னு நெனச்சேன். கொழுந்து ஒடிச்சீங்களா? ஜாமீன் மரத்துலயா? ஆரு ஒடிச்சது?"

எல்லோரும் அத்தாயியைப் பார்த்தார்கள். குழந்தைசாமி சாக்கைக் கீழே வைத்தே விட்டார்.

"மூணு வருசமா ஒரு சுளை திங்காமக் கெடந்தது நானு," என்றார் மெதுவாக. "நீ தழை ஒடிச்சயா ஆயா?"

"நான் ஏன் ஒடிக்கறேன்?" என்றாள் அத்தாயி. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஜாமீன் மரத்துல கை வெக்கற சாதியா நானு? ஆட்டுக்கு ஒடிக்காதவ ஜாடிக்கு ஒடிப்பனா? ரெண்டு பையும் முன்மரத்துதுதான். செவப்பு நூலுக்குக் கெழக்குக் கெளை, வெள்ள நூலுக்கு மேக்குக் கெளை."

தரணிதரன் தட்டில் இருந்த இரட்டைப் பிள்ளைகளை இன்னொரு தடவை பார்த்தான்.

"ஏனுங்கம்மா," என்றான் தரணிதரன். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"படிக்கற புள்ள ஆசையாக் கேக்குது, இல்லைன்னு சொன்னா மொகம் வாடிப்போகுமேன்னுதான் கண்ணு. ரெண்டும் ஒரே பழத்துக் கொட்டைதான, உள்ளுக்குள்ள வேறயாவா இருந்துரப் போகுதுன்னு நெனச்சேன்."

தரணிதரன் சந்தோஷ்குமாரைப் பார்த்தான். சந்தோஷ்குமார் வானத்தைப் பார்த்தான்.

"எனக்கு அப்பவே சந்தேகந்தான்," என்று முணுமுணுத்தான்.

"அப்பறம் ஏன்டா சொல்லல?"

"ஆராய்ச்சி ஆரம்பிச்சதுல இருந்து நீ யாரையாச்சும் பேச உட்டயா? நீதான்டா அந்த ஆடா நடிச்ச. உனக்குத் தெரியாதா?"

தெரியும். மேடையில் நாலு காலில் நின்று, ஒடிக்கக் கூடாத தழையைப் பார்த்து அரை நிமிடம் ஏங்கியிருக்கிறான். கைதட்டல்கூட வாங்கியிருக்கிறான். வெள்ளை நூலைக் கட்டும்போது அந்த ஆடு நினைவுக்கு வரவே இல்லை.

மாணிக்கம் தொண்டையைச் செருமினார். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "தம்பி, உங்கமேல கோவம் இல்லை. ஆனா நீங்க காட்டுனது முன்மரந்தான், சொன்ன சொல்லு தீந்துபோச்சு," என்றார். மரத்தின் பக்கம் திரும்பிக் கோடாலியை வலது கைக்கு மாற்றினார். முறைப்படி கேட்டார்.

"காய்க்கிறயா, வெட்டட்டா?"

அத்தாயி குழந்தைசாமியைப் பார்த்தாள். குழந்தைசாமி தன் சாக்கைப் பார்த்தார். "என்னால ஆகாது ஆயா," என்றார். "இன்னொரு மூணு வருசம் என்ற ஒடம்பு தாங்காது." யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது.

"காய்க்கிறயா, வெட்டட்டா?"

அத்தாயி வீட்டு ஆள். சந்தோஷ்குமார் மருமகன். அறுப்பு ஆட்கள் கூலிக்கு வந்தவர்கள். தரணிதரன் இதையெல்லாம் வரிசையாக எண்ணிக்கொண்டு வந்தபோது கடைசியில் ஒரே ஒரு ஆள் மிச்சமிருந்தான். அவன் கால் பழையபடி ஆடிக்கொண்டிருந்தது. ஜாமீன் நின்றால் மரம் நிற்கும். மரம் நின்றாலும் அதில் ஒரு கொழுந்துகூடக் கிள்ள முடியாது. ஆகவே ஆய்வேட்டுக்கு அதனால் காலணா பிரயோஜனம் இல்லை. இது அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஒரு விஞ்ஞானிக்கு இவ்வளவு தெளிவு போதும்.

"காய்க்கிறயா," என்று மாணிக்கம் மூன்றாவது தடவையாக ஆரம்பித்தார்.

தரணிதரன் தட்டைச் சந்தோஷ்குமாரின் கையில் கொடுத்தான். தோளில் கிடந்த கைத்துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டான். அம்மோனியா நெடி கண்ணைக் கரித்தது. நடந்துபோய் மரத்தின்மேல் கையை வைத்தான். பட்டை சொரசொரவென்று, காலை வெயிலில் லேசாகச் சுட்டது.

"உட்டுருங்க," என்றான். மேடைக் குரல் வரவில்லை. பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்டது. "காய்க்கும். நான் ஜாமீன்."

யாரும் சிரிக்கவில்லை. மாணிக்கம் கோடாலியைக் கீழே வைத்தார். "நெசமாத்தான் சொல்றயா தம்பி?" என்று கேட்டார்.

"நெசமாத்தானுங்க."

"செரி," என்றார் மாணிக்கம். அறுப்பு ஆட்கள் வடத்தைச் சுருட்டினார்கள். அத்தாயி உள்ளே போய் அவர்களுக்கு இன்னொரு சுற்று வரட்டீ வைத்தாள். "வேப்பமரத்துல கதவு போட்டுக்கச் சொல்லுங்க, கரையான் அரிக்காது," என்று அடுப்படியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

குழந்தைசாமி பழத்தைப் பிளந்தார். மூன்று வருடத்து மணம் ஒரே மூச்சில் வெளியே வந்தது போல இருந்தது. முதல் சுளையை எடுத்து, தன் இடத்தில் ஜாமீன் நின்றவனுக்கே தருவோம் என்று தரணிதரனிடம் நீட்டினார். பாதி வழியில் ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டார்.

"அட, உனக்குக் குடுக்கப்படாது," என்று தானே வாயில் போட்டுக்கொண்டார். கண்ணை மூடினார். நெடுநேரம் திறக்கவில்லை.

மத்தியானம் மூட்டை கட்டும்போது சந்தோஷ்குமார் துறட்டியை எடுத்துக்கொண்டு பின்மரத்தடிக்கு வந்தான். மாணிக்கம் காட்டுக்குப் போயிருந்தார். அத்தாயி ஆட்டைத் தேடிப் போயிருந்தாள்.

"ஒருத்தரும் இல்லைடா. ரெண்டே ரெண்டு கொழுந்து. கீழ காலேஜுக்குக் கொண்டுபோயி புதுத் தட்டுல ஓட்டிப் பாத்தர்லாம். ஆய்வேடும் முடிஞ்சுரும்."

தரணிதரன் துறட்டியை அவன் கையிலிருந்து வாங்கிச் சுவரில் சாத்தினான்.

"மேடம்கிட்டத் தலைப்ப மாத்திக்கலாம்னு சொல்றேன்," என்றான். "ஒரே மரத்தோட கெழக்குக் கெளைக்கும் மேக்குக் கெளைக்கும் ஆக்சின்ல வித்தியாசம் இல்லைன்னு. ஒலகத்துல யாரும் இதுவரைக்கும் கேக்காத கேள்விடா."

"யாரும் ஏன் கேக்கல?"

"அது ரெண்டாங்கட்ட ஆராய்ச்சி."

கடைசி பஸ்ஸுக்கு முந்திய பஸ்ஸில் இடம் கிடைத்தது. பருவத்தின் கடைசிப் பலா. பஸ்ஸின் மேலேயும் உள்ளேயும் பழம்தான். பின்சீட்டில் ஓர் அம்மாள் மடியில் பழத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் சுளை கொடுத்துக்கொண்டிருந்தாள். வளைவுக்கு வளைவு மணம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது. தரணிதரன் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தை வெளியே நீட்டியிருந்தான்.

"தம்பி, இந்தா சாமி," என்று சுளை ஒன்று தோளுக்கு மேலாக வந்தது. மஞ்சளாக, தேன் வடிந்துகொண்டு.

அவன் அதைப் பார்த்தான். தாடையில் கையை வைத்துக்கொண்டான்.

"வேண்டாங்க," என்றான். "பல்லுவலிங்க."

சந்தோஷ்குமார் திரும்பி அவனைப் பார்த்தான். கைதட்டவில்லை. அந்தச் சுளையைத் தான் வாங்கிக்கொண்டு, மணம் இந்தப் பக்கம் வராதபடி முகத்தைத் திருப்பிவைத்து மென்றான்.